கோட்டை ஹோட்டலில் சப்பாத்து

இன்று அப்பா அம்மாவின் திருமண நாள். டென்மார்க்கில் சில்க்போர்க் நகரத்துக்குக் கிட்ட, அகழி சூழ்ந்த பழைய கோட்டை ஒன்று இப்போது ஹோட்டலாகியிருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு அங்கே கூட்டிப்போனேன். மானம் போகாமல் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

பெரிய கதவடியிலேயே இருவரும் சப்பாத்தைக் கழற்றினார்கள்.

"அம்மா, இது ஹோட்டல். போடுங்கோ."

"நிலத்தைப் பாரடா, என்ன மினுக்கம்! இதிலை சப்பாத்தோடை ஏறுறதே?"

"இஞ்சை ஒருத்தரும் கழட்டுறேல்லை."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

வாதாடப் பொறுமையில்லை. நான் சப்பாத்தோடு உள்ளே போனேன்.

சூப் முடிந்ததும், காரில் மறந்த பரிசை எடுக்க வெளியே வந்தேன். கதவடியில் சப்பாத்துகள் வரிசையாக நின்றன. பின்னால் வந்த டேனிஷ்காரர்கள் அப்பா அம்மாவுடையதைப் பார்த்து, அதுதான் இங்கத்தை முறை என்று நினைத்துவிட்டார்கள்!

வரவேற்பில் நின்ற பெண் சிரித்தாள். "விடுங்கள், நிலத்துக்கு நல்லதுதானே."

பரிசோடு திரும்பி நுழைந்தால், காலுறையோடு நின்ற ஒரு டேனிஷ் கிழவர் என்னை மறித்தார். "இங்கே சப்பாத்தோடு போகக்கூடாது, தெரியாதா?"

கழற்றினேன்.

அம்மா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். அப்பாதான் விடவில்லை. "என்ன இஞ்சினியர், இப்ப விளங்குதோ?"

ஓட்டையால் பெருவிரல் தெரியும் காலுறையோடு கோட்டையில் கேக் சாப்பிட்ட வேறு யாராவது இருந்தால் கீழே கருத்தில் வந்து சொல்லுங்கள்.