கையெழுத்துப் போட்டாச்சு

போனிலேயே போராட்டம் நடத்தலாம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாகவே தேடிக்கொண்ட வெட்கக்கேடு அது.

ஹட்டன் டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோகொப்பி, டைப்பிங், படிவம் நிரப்புவது என்று காலையிலிருந்து இருட்டும் வரை நின்றபடியே வேலை. கடைக்கார நானா நல்ல மனிதர்தான். லீவு கேட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. அக்கா, டிக்கோயாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். பஸ்ஸை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு போவேன். மற்ற நாளெல்லாம் போனில்தான் பேச்சு.

அக்கா கொழுந்து பறிக்கிறவள். போன வருடம் அவர்கள் பறிக்கும் மலையில், ஒரு டர்பன்டைன் மரத்தில் குளவி கூடு கட்டியது. முதலில் சின்னப் பானை அளவு, பிறகு அரிசிச் சாக்கு அளவு. கங்காணியிடம் சொன்னார்கள். அவர் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொன்னாராம். கண்டாக்கையா தோட்டத்தையே நடத்தும் தொரையிடம் சொன்னாராம். சொன்னாராம், சொன்னாராம் என்றே இரண்டு மாதம் போயிற்று. வெளியூர்க்காரருக்குக் குளவி என்றால் ஏதோ பூச்சி. எங்களுக்கு அது சாவு. கூடு கலைந்தால் தேயிலைச் செடிக்கு நடுவே ஓட முடியாது. இடுப்பில் கட்டியிருக்கும் படங்கை அவிழ்த்துத் தலையில் போட்டுக் குப்புறப் படுத்துக் கடவுளைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா கூப்பிட்டாள்.

"திங்கக்கெழம பெரட்டுல யாரும் பேர் குடுக்கப் போறதில்ல. கூட்ட எடுத்தாத்தான் மலைக்குப் போவோம்னு நிக்கப் போறோம். நீயும் வாடி. நீ நல்லா சிங்களம் பேசுவ, தொரைக்கு வெளங்குற மாதிரி சொல்லுவ."

பெரட்டு என்றால் காலையில் எல்லாரையும் நிறுத்தி, அன்றைய கூலிக்குப் பேர் பதிந்து, வேலை பிரித்துக் கொடுக்கும் களம். தொரைமார் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான்: அந்தக் களத்தில் ஒருத்தி விடாமல் எல்லாரும் அசையாமல் நிற்பதற்கு. கொழுந்து முற்றும், ஃபெக்டரி சும்மா கிடக்கும். லயத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரிந்துகொண்டேதான் சொன்னேன்.

"ஏன்க்கா ஒரு நாள் பேர வீணாக்குறீங்க? நான் போன்லயே எல்லாத்தையும் செஞ்சிர்றேன். நீங்க கையெழுத்துக்கு ஒரு தடவ அமுக்குனா போதும்."

உண்மை என்னவென்றால், திங்கட்கிழமை லீவு கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்றைக்கே சோற்றுப் பார்சலை ஒரு கையால் சாப்பிட்டபடி மனு எழுதினேன், மூன்று மொழியிலும். அக்கா அனுப்பிய கூட்டின் படத்தைப் போட்டேன். பொம்பளைகளை எல்லாம் சேர்த்து வட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினேன். அடேயப்பா, எப்படி ஏறியது கையெழுத்து! கொழும்பு, லண்டன், கனடா. தேயிலைச் செடியையே பார்த்திராதவர்கள் கண்ணீர் வடித்து எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிறு சாயந்தரம் தோட்டத்து ஒப்பீசுக்கு ஈமெயில் அனுப்பினேன். அடுத்த நிமிடமே பதில் வந்துவிட்டது: 'உங்கள் கடிதம் கிடைத்தது. கவனத்தில் எடுக்கப்படும்.'

ஞாயிற்றுக்கிழமை எந்த ஒப்பீசில் ஆள் இருக்கும்? மெஷின் தானாக அனுப்பும் பதில் அது. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் நிற்கிற மூதேவிக்கு அது கூடவா தோன்றாது? ஒப்பீசிலிருந்து எழுத்தில் பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிற குலம் எங்களுடையது. அந்தப் பதிலை அப்படியே குரூப்பில் போட்டு, குரலிலும் சொன்னேன்: "அக்காமாரே, கையெழுத்துப் போட்டாச்சு, ஒப்பீசுலருந்து பதிலும் வந்திருச்சு. நாளைக்கு யாரும் நிக்க வேணாம்."

பூவும் கும்பிடுமாக வந்து குவிந்தன. அக்காவுக்குப் பக்கத்து நிரையில் பறிக்கிற அம்மா, பேத்தியின் போனில் பேசி அனுப்பியிருந்தார். "நல்லா இருப்ப தாயி. எங்களுக்குன்னு நீ ஒருத்தி இருக்கியே."

திங்கட்கிழமை எல்லாரும் பேர் கொடுத்து மலைக்குப் போனார்கள். செவ்வாயும் போனார்கள். புதன்கிழமை காலை ஒரு பருந்து வந்து கூட்டில் மோதியது.

ஆஸ்பத்திரியில் அக்காவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. உதடு எது, கன்னம் எது என்று தெரியாத அளவுக்கு வீக்கம். பக்கத்து நிரை அம்மா ஆஸ்பத்திரி வரைக்கும் வரவில்லை. கொழுந்து லொறியிலேயே உயிர் போய்விட்டது. அவர் குரல் இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. அன்றைக்கு மனுவில் கையெழுத்து இன்னும் மளமளவென்று ஏறியது, அழுகிற முகங்களோடு. எல்லாருக்கும் எவ்வளவு சுலபம்! எல்லாரையும் விட எனக்கு.

சாவு வீட்டுக்குப் போனேன். பாடை இறங்கியதும் கடைசி பஸ்ஸைப் பிடித்து டவுனுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் பெரட்டில் ஒருத்தியும் பேர் கொடுக்கவில்லையாம். கோஷம் இல்லை, படம் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து முதல் நாள்தான் வந்த அக்கா, ஒரு கண் திறக்காமலேயே முன்வரிசையில் நின்றாளாம். பத்து மணிக்குள் ஆட்களைக் கூட்டி வந்து கூட்டை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதமாக முடியாத வேலை!

எனக்கு இது ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனபோதுதான் தெரியும். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்க்கா, குரூப்புல ஒரு வார்த்த போட்டிருக்கக் கூடாதா?"

அக்கா எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

"நிக்கிறவங்களுக்கு மட்டும் வீடு வீடாப் போய்ச் சொன்னோம்."