பின்னால் நின்று தொட்டேன்

கரமனை அக்ரஹாரத்தில் எங்களுக்குப் புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கமில்லை. 'ஏன்னா' என்பதுகூட எதிரே நின்றால்தான். மற்றபடி பின்னால் போய்த் தோளைத் தொடுவேன். போன வருடம் அவருடைய ஸ்கூட்டரை ஒரு லாரி பின்னாலிருந்து இடித்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் அதன் பிறகு நான் தொட்டாலே உதறினார்.

டாக்டர் மனநல சிகிச்சைக்கு அனுப்பினார். பேச்சைவிட உடம்பைக் கவனிக்கும் சிகிச்சையாம். தருபவள் ஒரு மலையாளப் பெண். சனிக்கிழமைதோறும் இவர் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்புவார். எனக்கு வயிறு எரியும். ஒருநாள் கூடவே போய் வெளியே உட்கார்ந்தேன். கதவிடுக்கில் அவர் முதுகு தெரிந்தது.

"மணி சாரே, கால் ரெண்டும் தரையில பதிஞ்சிருக்கா? நான் பின்னால வரட்டே?" என்று கேட்டுவிட்டு, அவள் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். அவர் அசையவே இல்லை!

அவள் பின்னால் வந்து நிற்கலாம், நான் தொட்டால் மட்டும் ஆகாதா? உள்ளே பாய்ந்து அவர் தோளைப் பிடித்தேன். மனுஷர் நாற்காலியோடு சரிந்தார். மூச்சு இரைத்தது, சட்டை வியர்வையில் நனைந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

அவரை ஆசுவாசப்படுத்திய பிறகு அவள் சொன்னாள்: "சேச்சி, லாரி பின்னாலயல்லே வந்தது? உடம்பு அத மறக்கல. பேரச் சொல்லி விளிச்சிட்டு வாங்க. குரல் முதல்ல, கை அப்புறம்."

இப்போது அடுக்களையிலிருந்தே "மணி, நான் வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் பக்கத்தில் போகிறேன். எதிராத்து மாமி முகத்தைச் சுளிக்கிறாள். சுளிக்கட்டும். அந்தப் பெண் மேல் பொறாமை முழுக்கப் போகவில்லை. ஆனால் அவள் 'மணி சார்' என்றுதான் கூப்பிட முடியும். வெறும் 'மணி' என்னுடையது.