சேக் தாவூது தைத்த உறைகள்

சேக் தாவூது சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1957இல் ஓர் அரிசி மூட்டை சரிந்து விழுந்து அவருடைய வலது காலை முறித்தது. மாவுக்கட்டோடு ஜாலான் புசார் கடைவீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவர் மனைவி ஆமினா பீவி கைமெஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சின்ன ஹோட்டலுக்கான உறைகள் அவை. சிராங்கூன் ரோட்டுத் துணிக்கடைக்காரர் காதர் மைதீன் கொடுத்த வேலை.

ஆமினாவுக்கு நிறைமாதம். கொஞ்ச நாளில் முகமும் காலும் வீங்கவே, பிரசவம்வரை படுத்தே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். துணி மெஷின்மேல் அப்படியே கிடந்தது.

"திருப்பிக் கொடுத்துடலாமா?" என்றார் தாவூது.

"கொடுத்தா அடுத்த வேலை வேற ஆளுக்குப் போயிடும்லா. உங்களுக்குக் கால்தானே ஒடிஞ்சுது? கையால சுத்துங்க."

தாவூது அதுவரை ஊசியில் நூல் கோத்ததில்லை. ஆமினா படுத்தபடியே சொல்லச் சொல்லச் செய்தார். நீளமாக ஒரே துண்டு வெட்டி, இரண்டு முனையையும் மடித்துத் தைக்க வேண்டும். பிறகு ஒரு முனை மற்றதன்மேல் ஏறும்படி மடக்கி, இரு பக்கமும் தைத்தால் பொத்தானே வேண்டாம். அவரோ மேலே ஏறுவதற்கான துணியைச் சேர்க்காமல் வெட்டிவிட்டார். தலையணை பாதி வெளியே நின்றது. அடுத்த உறையில் தையலெல்லாம் வெளிப்பக்கம். ஆமினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நல்ல பக்கத்தை உள்ள வச்சுத் தைக்கணுங்க. அப்புறம்தான் திருப்பணும்."

"முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன். நீங்க மெஷினைத் திட்டிக்கிட்டு இருந்தீங்க."

மெதுவாகச் சுற்றிய பிறகுதான் கோடு நேரானது.

ஒருநாள் துறைமுகக் கூட்டாளி அண்ணாதுரை பார்க்க வந்தார். மாடிப்படிச் சத்தம் கேட்டதும் தாவூது மெஷினைக் கைலியால் மூடினார். தாடியில் ஒட்டியிருந்த வெள்ளை நூலை மறந்துவிட்டார்.

"என்ன பாய், தையலா?" அண்ணாதுரை விழுந்து விழுந்து சிரித்தார். தாவூதின் முகம் சுண்டிப்போயிற்று. அதன்பின் அவர் மெஷினைத் தொடவில்லை. ஆமினாவும் வற்புறுத்தவில்லை.

சில நாளில் ஆமினாவுக்கு வலி கண்டது. பக்கத்து அறை ரத்தினம்மாதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தாவூதால் படி இறங்க முடியவில்லை. அறையில் தனியாக, பயத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மெஷின் முன் உட்கார்ந்தார். ஓர் உறை, இன்னொன்று என்று தைத்துக்கொண்டே போனார். ரத்தினம்மா திரும்பி வந்தபோது வெட்டியிருந்த துணி முழுவதும் உறையாகிக் கிடந்தது.

"பொம்பளப் புள்ள பாய். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

கைப்பிடியை விடாமலே, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

முறிந்த கால் சற்றுக் குட்டையாகவே கூடியது. இனி மூட்டை தூக்க வழியில்லை. காதர் மைதீன் தன் கடைமுன் அஞ்சடி நடைபாதையில் அவருக்கு ஒரு மெஷின் போட்டுக் கொடுத்தார். தலையணை உறை, மெத்தை விரிப்பு, ஜன்னல் திரை என்று அறுபதுகள் முழுக்க அங்கேயே தைத்தார். சட்டை தைக்க மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. கேட்டு வந்தவர்களைப் பக்கத்துத் தையல்காரரிடம் அனுப்பிவைத்தார்.