ஜார்ஜ் லாரிமரின் இரங்கல் கூட்டம்

என் வீட்டுக்காரர் ஏசுராஜ் 1986-இல் ஒரு வெள்ளைக்காரரைச் சாகடித்தார். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. ஹூஸ்டன் பக்கம் சுகர் லேண்டில் எங்கள் சமையலறை போனில், ஒரே வார்த்தையில். செத்தவர் பெயர் ஜார்ஜ் லாரிமர். அந்த லாரிமரும் இவரேதான்.

நம் தெற்குச் சீமை நாசரேத்திலிருந்து லண்டனுக்குப் படிக்கப் போன மனிதர், அங்கே சர்ச் கொயரில் பாடியதை ஒரு ரெக்கார்டு கம்பெனி மேனேஜர் கேட்டிருக்கிறார். "குரல் போதும், முகம் வேண்டாம்" என்று சொல்லி, லாரிமர் என்று பெயரும் வைத்துவிட்டார். ரேடியோவிலும் ரெக்கார்டிலும் நாலு வருஷம் டெனர் என்கிற உச்சக்குரல் பிரிட்டிஷ் பாடகராக இவர் கொடிகட்டிப் பறந்தார். ரெக்கார்டு உறையில் கடலும் படகும் இருக்கும், ஆள் இருக்காது. கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி எத்தனையோ வெள்ளைக்காரிகள் கடிதம் எழுதினார்களாம். முகத்தைப் பார்த்தும் சம்மதித்தது நான் ஒருத்திதான். என் தலையெழுத்து!

பிறகு ராக் அண்ட் ரோல் வந்தது. "கிடார் பசங்க என் வயித்துல அடிச்சிட்டானுங்க" என்பார். அது பாதி உண்மைதான். ஊர் ஊராக மேடைக்கு அழைப்பு வந்தபோதெல்லாம், லாரிமருக்கு உடம்பு சரியில்லை என்று மேனேஜர் பதில் எழுதினார். மீதி உண்மை அது. இவர் எக்ஸ்ரே வேலை கற்றுக்கொண்டு, என்னோடு ஹூஸ்டன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். லாரிமரைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கே தெரியாது.

அப்படியிருக்க, ஹூஸ்டனில் இருந்த ஒரு பிரிட்டிஷ் கிளப்பிலிருந்து மிஸஸ் ஹார்டி என்ற அம்மாள் போன் பண்ணினார். அவருடைய கணவர் லாரிமரின் பாட்டைக் கேட்டுக்கொண்டேதான் கண்ணை மூடினாராம். பழைய மேனேஜருக்கு எழுதிக் கேட்டதில், லாரிமரோடு பாடிய நண்பர் என்று இவர் நம்பர் கிடைத்திருக்கிறது. லாரிமர் இப்போது எங்கே என்று கேட்டதும் இவர் குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பயந்து, "காலமாகிவிட்டார்" என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மாள் விடவில்லை. கிளப்பில் இரங்கல் கூட்டம் வைத்து, நண்பரையே பாடக் கூப்பிட்டார்.

"ஃபோன் பண்ணி உண்மைய சொல்லிடுங்க. தன்னோட மெமோரியல் சர்வீஸ தானே அட்டெண்ட் பண்ற ஆளு எங்கயாவது உண்டா?" என்று கத்தினேன்.

"செத்துட்டான்னு சேதி பரவினா ஆயுசு கெட்டிம்பாங்க, கிருபா. துக்கத்துக்குக் கூப்பிட்டுட்டாங்க. வரலன்னு எப்படிச் சொல்றது?"

எங்கள் தமிழ்ச் சபையில் எந்தச் சாவுக்கும் இவர்தான் பாட்டு. இருநூறு மைல் டிரைவ் பண்ணிக்கூடப் போயிருக்கிறார். துக்க வீட்டுக்கு மாட்டேன் என்று சொல்லக் கூடாது என்பது இவர் விரதம். செத்தது தானாகவே இருந்தாலும் விரதத்தை விடமாட்டாராம்! எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்துக்கு உப்பே போடவில்லை. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளப்பில் நாற்பது பேர் இருந்தார்கள், எல்லாரும் நரைத்த தலைகள். "லாரிமரின் போட்டோ ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, மன்னியுங்கள்" என்றார் மிஸஸ் ஹார்டி. என் பக்கத்தில் இவர் பாட்டுத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அந்த நிமிஷம் என் கோபமெல்லாம் போய்விட்டது. பாவம், மனிதர்.

எழுந்து போய் லாரிமரின் பழைய பாட்டைப் பாடினார். உச்சியில் குரல் கொஞ்சம் பிசிறியது. ஆனாலும் இரண்டாவது சரணத்திலேயே அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பாடி முடித்ததும், "அப்படியே அவர் பாடுகிற மாதிரியே இருக்கிறதே! அவரை உங்களுக்கு எத்தனை வருஷமாகத் தெரியும்?" என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். சொல்லிவிடுங்கள் என்று நான் தலையை ஆட்டினேன்.

"நான்தான் அவர். அன்றைக்கு உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன்."

சிரிப்பார்களோ, வெளியே போகச் சொல்வார்களோ என்று நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழத் தயாரானேன். அந்த அம்மாள் மெதுவாக எழுந்து கிட்டே வந்து, இவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்கள் நிஜப் பெயர் என்ன?"

சொன்னார். அந்த அம்மாள் இரண்டு தரம் தப்பாகச் சொல்லிப் பார்த்து, மூன்றாம் தரம் சரியாகச் சொன்னார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "இவர் ஏசுராஜ். அடுத்த பாட்டையும் இவர்தான் பாடப் போகிறார்" என்று அறிவித்தார்.

அறுபத்தோரு வயதில்தான், அவர் ரெக்கார்டுகளைக் கேட்டவர்கள் முன்னால் என் வீட்டுக்காரரை அவர் பெயர் சொல்லிப் பாடக் கூப்பிட்டார்கள். அவர் பாடினார். நான் வாய்விட்டு அழுதேன்.