அறையில் இருந்த மற்றவர்

நண்பனின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு சிறப்பு மலர் அச்சிட்டார்கள். ரொறன்ரோவில் எங்கள் ஆட்களிடம் இது வழக்கமாகிவிட்டது: மண்டபம், கேக், கதிரைக்கு ஒன்றாக வைக்க ஒரு மலர். இங்கே ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் பத்து வருடம் மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்தவன் என்பதால் மலர் வேலை என்னிடம் வந்தது. நானே கேட்டு வாங்கினேன் என்றும் சொல்லலாம்.

அவனுடைய மகள் தன் கட்டுரையை ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தாள். கோடையில் தகப்பனைப் பிரான்சுக்குக் கூட்டிப்போய், கனடா வருமுன் அவன் வேலை செய்த கிராமத்தைப் பார்த்த கதை. ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில், என் சமையலறை மேசையில், ஒரு சனிக்கிழமை காலை, அதைத் தமிழாக்க உட்கார்ந்தேன்.

நன்றாகப் பார்த்திருந்தாள். பாறையின் உச்சியில் கோட்டை. அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐம்பது அறுபது கல்வீடுகள். பள்ளத்தாக்கில் பச்சை நிறத்தில், அவசரமில்லாத ஆறு. கரையோரம் வால்நட் மரங்கள். ஒன்றை மட்டும் அவள் எழுதவில்லை. நவம்பரில் ஆற்றிலிருந்து எழும் பனிமூட்டம் மத்தியானம் வரை கலையாது. கோட்டை இருப்பதே தெரியாது. கோடையில் போனவளுக்கு அது தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும். அந்தக் கிராமத்தில் நான் பதினெட்டு மாதம் இருந்தேன். முதல் ஏழு மாதம் அவனோடு.

பாலத்தடியில் இருந்த உணவுவிடுதியில் இருவரும் பாத்திரம் கழுவினோம். மாடியில் ஒரே அறை. எங்களைக் கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ற், பாலத்துக்குப் பக்கத்துப் பொதுத் தொலைபேசிப் பெட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அழைப்பு எடுப்பார். ஒரு ஞாயிறு அவன் போய் நிற்பான், மறு ஞாயிறு நான். வெளியூர்க்காரர்கள் கோட்டையைப் படம் எடுப்பார்கள். நாங்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியைப் பார்த்து நிற்போம்.

அந்த ஞாயிறு என் முறை. கல்யாண விருந்து ஒன்று முடிந்து சட்டிகள் குவிந்து கிடந்தன.

"நீ உதைக் கழுவு. நான் போட்டு வாறன்," என்றான்.

அரை மணித்தியாலத்தில் திரும்பினான். உள்ளே வராமல் கதவடியில் நின்றான்.

"ஒரு ஆளுக்குத்தான் இடமாம் மச்சான். நீ போறியோ?"

நான் கையைத் துடைத்தேன். "நீ போ. உனக்கு அங்கை அக்கா இருக்கிறா."

நாலாம் நாள் அவன் போனான். எனக்கு வழி திறக்கப் பதினொரு மாதம் ஆனது. விட்டுக்கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது அழகல்ல என்று, அந்தக் கிராமத்தைப் பற்றியே நான் பிறர் முன்னால் பேசுவதில்லை. அவன் வீட்டில்கூடப் பேசியதில்லை. நான் பெரிய மனிதன் அல்ல. ஆனால் ஒருமுறை அப்படி நடந்துகொண்டேன் என்ற நினைப்பு, மோசமான சில நாட்களில் எனக்கு உதவியிருக்கிறது.

கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் தொலைபேசிப் பெட்டி வந்தது. இப்போது அதற்குள் தொலைபேசி இல்லையாம். ஊரார் பழைய புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறார்களாம். அதன் முன்னால் நின்று தகப்பன் சொன்னதை மகள் எழுதியிருந்தாள். மொழிபெயர்ப்பில் கை முந்திவிடும், மனம் பின்னால்தான் வரும். எழுதினேன்: "ஏஜென்ற் இருவரையும் வரச் சொன்னார். அறையில் இருந்த மற்றவர் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று அப்பா பொய் சொன்னார். இதைச் சொல்லும்போது அப்பா அழுதார்."

முற்றுப்புள்ளி வைத்த பிறகுதான் எழுதியது விளங்கியது.

மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். "பிள்ளை, உந்த மற்ற ஆள் ஆர்?"

"நானும் கேட்டனான் அங்கிள். பேர் ஞாபகமில்லையாம். ஸோ சாட், என்ன?"

"ஓம்," என்றேன்.

அடுத்த நாள் அவனை மில்லிக்கனில் ஒரு தேநீர்க்கடைக்கு வரச்சொல்லி, அந்தப் பக்கத்தை முன்னால் வைத்தேன். இரண்டு தரம் வாசித்தான்.

"உவளுக்கு எல்லாத்தையும் எழுதவேணும்," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு பேராப் போனால் பிடிபடுவம் எண்டு பயந்திட்டன் மச்சான். உனக்குப் பொய் சொல்ல வராது. எயார்போட்டிலை உன்ரை முகமே காட்டிக் குடுத்திருக்கும்."

"உனக்கு நல்லா வரும்."

அவன் அந்தப் பக்கத்தை மடித்து என் பக்கம் தள்ளினான்.

"பிறகேன் என்னைப் போறியோ எண்டு கேட்டனி? நான் ஓம் எண்டிருந்தால்?"

"நீ சொல்லமாட்டாய் எண்டு தெரியும்."

எந்தத் தந்திரமும் இல்லாமல், உண்மையாகத்தான் அதைச் சொன்னான். பதினொரு மாதத்தை அவன் எடுத்ததை என்னால் விளங்கிக்கொள்ள முடிந்தது, பயந்தவன் ஓடினான். ஆனால் நான் கொடுத்தேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தது, நான் கொடுப்பேன் என்று தெரிந்து அவன் போட்ட கேள்விக்கு வந்த பதில் மட்டுமே. சட்டி கழுவிக்கொண்டிருந்தவனை அவன் சரியாகப் படித்திருந்தான்.

"அந்த வரியை எடுத்துவிடு," என்றான்.

"கட்டுரை உன்ரை மகளின்ரை. எடுக்கச்சொல்லி அவளிட்டைச் சொல்லு. ஏனெண்டும் சொல்லு."

ஒரு கிழமை காத்திருந்தேன். அவளிடமிருந்து திருத்தம் எதுவும் வரவில்லை. மலர் அச்சுக்குப் போனது. 'மற்றவர்' என்ற சொல் இருந்த இடத்திலேயே இருந்தது. கட்டுரையின் முடிவில், வழக்கப்படி, 'தமிழில்' என்று போட்டு என் பெயர்.

விழா மார்க்கம் நகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. போகாமல் விட நினைத்தேன், போனேன். ஒவ்வொரு கதிரையிலும் மலர் இருந்தது. கேக் வெட்டி முடிந்ததும் மகள் என் கையைப் பிடித்துத் தகப்பன் இருந்த மேசைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அங்கிள், ட்ரான்ஸ்லேஷன் வேற லெவல். நேரிலை பார்த்த மாதிரி இருக்கு எண்டு எல்லாரும் சொல்லினம். நீங்கள் பிரான்சுக்குப் போயிருக்கிறீங்களோ?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பேச்சை மாற்ற அவனுக்கு நேரம் இருந்தது. நான் கொஞ்சம் பொறுத்தும் பார்த்தேன்.

"ஓம் பிள்ளை. பதினெட்டு மாதம்."

"ரியலி? எந்த இடம்?"

"அப்பாட்டைக் கேளுங்கோ," என்றேன்.

அவள் சிரித்தபடியே தகப்பன் பக்கம் திரும்பினாள். அவன் மலரின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அட்டைப் படத்தில் கோட்டை இருந்தது. அதன் முன்னால், தனியாக, அவன் நின்றான்.