தலையில் திராட்சைக் கூடை

எங்கள் முனீஸ்வரி அக்கா ஓடைப்பட்டித் தோட்டத்தில் திராட்சைக் குலை வெட்டுகிறார். சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் மாயக் கதை எழுதுவார். ஏழு நிலவுகளை ஆளும் பறக்கும் யாளிகளின் கதை அது. யாளி ராணியை அவர் சாகடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சென்னை அறிவியல், மாயப் புனைகதை மாநாட்டில் பேச அவருக்கு அழைப்பு வந்ததும், கம்பத்து வாசகர்கள் நாங்கள் வேன் பேசினோம். யாளி முகமூடிகூடச் செய்து முடித்துவிட்டோம்.

நேற்று மாநாட்டுக்காரர் போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், உங்களுக்கு 'மண்ணின் குரல்' அரங்கு. தோட்ட வேலையைப் பத்திப் பேசுங்க. தலையில திராட்சைக் கூடையோட மேடை ஏறினா நல்லா இருக்கும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஏழு நிலவுகளைப் படைத்தவரிடம் கூடையைக் கேட்கிறானே! திட்டுவதற்கு வாயெடுத்தேன். அக்கா கையமர்த்தினார்.

"என் கதையப் படிச்சீகளா?"

"இனிமேதான் மேடம்."

"ஏன்யா, அங்கன பேச வர்ற மத்தவுக எல்லாம் அவுக ஆபீஸ் நாற்காலியத் தலையில தூக்கிக்கிட்டா மேடை ஏறுறாக?"