மன்னிக்காமல் போன சிசிலியா

சிசிலியா இறந்துவிட்டாள் என்று பள்ளிக்கு வந்து சொன்னவர் கோயில் உபதேசியார். நான் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஆறுதலுக்காக அவரே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: "எல்லாரையும் மன்னிச்சு நிம்மதியா போயிட்டாங்கம்மா." அடக்கப் பூசையின் பிரசங்கத்திலும் அதையே கேட்டோம். அவளை அறிந்த உங்களில் பலர் தலையாட்டினீர்கள். அது உண்மையல்ல என்று சொல்லவே நம் பங்குப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன்.

பிரேசர் டவுனில் எங்கள் பெண்கள் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர், நான் சரித்திர டீச்சர். விடையை மட்டும் எழுதி நீட்டும் பெண்களிடம், "விடை கிடக்கட்டும்டி, வழியைக் காட்டு" என்பாள். வழி இல்லாத விடைக்கு அவளிடம் மதிப்பெண் கிடையாது.

அவள் தம்பி சின்னப்பன் பங்களாக்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பவன். ஒரு பங்களாவில் வெள்ளித் தட்டு காணவில்லை என்று அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் பிணத்தைத்தான் கொடுத்தார்கள். ஸ்டேஷன் கிணற்றடியில் வழுக்கி விழுந்தானாம். தட்டு பிறகு அந்தப் பங்களாவிலேயே கிடைத்தது. பிணத்தைக் குளிப்பாட்டும்போது சிசிலியா துணியை விலக்கி அவன் உள்ளங்கால்களைப் பார்த்தாள். இரண்டும் கறுத்து வீங்கியிருந்தன. "வழுக்கி விழுந்தவனுக்கு உள்ளங்கால் ஏன் வீங்குது? எனக்கு வழியைக் காட்டச் சொல்லு" என்றாள். அவள் அழவில்லை.

மனு மேல் மனுவாகப் போட்டாள். பதிலே இல்லை. கான்ஸ்டபிள்கள் அவளைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனார்கள். அவனை அடித்தவர் என்று ஊரே சொன்ன இன்ஸ்பெக்டரோ நம் கோயிலிலேயே குடும்பத்தோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவர் பெயரை இங்கே எழுத எனக்கு ஆசைதான். பத்திரிகைக்காரர்கள் அந்த வரியை நீக்கிவிடுவார்கள்.

பூசை லத்தீனில் நடந்தாலும், யாருக்காக ஒப்புக்கொடுக்கிறார்கள் என்ற அறிவிப்பு தமிழில்தானே வரும்? மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் ஒரு பூசை கேட்டாள் சிசிலியா: "காவலில் அடிபட்டு இறந்த சின்னப்பனின் ஆத்துமத்துக்காகவும், அவனை அடித்தவர் மனந்திரும்பும்படியும்." பங்குச் சாமியார் தயங்கினார்.

"பாவி மனந்திரும்ப வேண்டிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு சாமி?"

அவர் வாசித்தார். அதில் பெயர் எதுவும் இல்லை. ஆனாலும் கோயிலே முதல் வரிசையைத் திரும்பிப் பார்த்தது. மாதாமாதம் பார்த்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பீடத்துக்குப் பின்னாலிருந்த அறையில் நாங்கள் இருவரும் பீடத்துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். அங்கே உடை மாற்றிக்கொண்டிருந்த சாமியாரிடம் இன்ஸ்பெக்டர் பாய்ந்து வந்தார். அலமாரிக்குப் பின்னால் நாங்கள் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"என்ன சாமி, மாசாமாசம் என் மானத்தை வாங்குறீங்க?"

"உங்க பேரை நான் வாசிக்கவே இல்லையே."

"ஊருக்கே தெரியும்ல! ஆமா, அடிச்சேன். ஒத்துக்கலைன்னா கட்டிவச்சு அடிக்கத்தான் செய்வோம். தாங்காம போயிடுவான்னு நான் கண்டேனா?"

சாமியார் மெதுவாகச் சொன்னார்: "இதைப் பாவசங்கீர்த்தனத்துல வந்து சொல்லுங்க. வாங்க, இப்பவே கேக்கிறேன்."

"எனக்கென்ன பாவம்? நான் செஞ்சது டூட்டி!"

அவர் போன பிறகு சிசிலியா என் மணிக்கட்டைப் பிடித்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். "பாவசங்கீர்த்தனத் தொட்டியில போய் மண்டி போட்டிருந்தா தப்பிச்சிருப்பான்டி ஸ்டெல்லா. அங்க கேட்டதை வெளிய சொல்லக் கூடாது, சாமியார் வாயே திறந்திருக்க முடியாது. திமிரு, மண்டி போட விடல."

அவளுடைய அடுத்த மனுவில் மூன்று சாட்சிகள் இருந்தோம். விசாரிக்க வந்த மேலதிகாரி அவளைக் கேலியாகக் கேட்டார்: "ஒரு பக்கம் அந்த ஆளுக்காகப் பூசை வைக்கிறீங்க, இன்னொரு பக்கம் புகார் குடுக்கிறீங்க. ஏனம்மா இது?"

"பூசை கடவுளுக்கு, புகார் சர்க்காருக்கு. ரெண்டு ஆபீசும் வேற வேற சார்."

அடுத்து சாமியாரை விசாரித்தார். அவர், "அது பாவசங்கீர்த்தனம் இல்லை. நான் கூப்பிட்டேன், அவர் வரவில்லை" என்று தொடங்கி, கேட்டதை முழுவதும் சொன்னார். நாங்களும் சொன்னோம்.

இன்ஸ்பெக்டருக்கு வேலை போயிற்று. நீதிமன்றம் மட்டும் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பியது. "என் தம்பிக்கு உசிரு போச்சு, இவனுக்கு உத்தியோகம் போச்சு. தராசு நேரா நிக்குதா, நீயே சொல்லு" என்றாள். பூசையை அவள் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் மார்க்கெட்டில் அவரைப் பார்த்தோம். தொப்பி இல்லை, பெல்ட் இல்லை, கையில் ஒரு பை. பழைய பழக்கத்தில் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். காய்காரி அதட்டினாள்: "ஏ பெரியவரே, பின்னாடி நில்லு! நீ என்ன பெரிய லாட்டுத் துரையா?" சிசிலியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "அந்தப் பொம்பளையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுடி" என்றாள். எனக்கும் அது இனித்தது. அதற்காக வெட்கப்பட வேண்டுமோ என்று பல ஜெபங்களில் என்னைத் துருவிப் பார்த்திருக்கிறேன். வெட்கம் வரவில்லை.

கடைசி நாள் பிற்பகல் அவள் கட்டிலருகே நான் இருந்தேன். பழைய சாமியார் இறந்து, அவரிடத்துக்கு வந்திருந்த இளைஞர், சாகக் கிடப்பவர்களுக்குத் தரும் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வந்தார். எல்லாரையும் மன்னித்துவிட்டதாகச் சொல்லும்படி கேட்டார். அவளுக்கு நரகத்தில் நம்பிக்கை உண்டு, பயமும் உண்டு. வெகுநேரம் மூச்சு வாங்கினாள்.

"மத்த எல்லாரையும் மன்னிச்சேன் சாமி. அவன் வந்து கேட்டா அவனையும் மன்னிப்பேன். கேக்காதவன் கையில எதைக் குடுக்கிறது?"

அவர் மறுபடி கேட்டார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த இளைஞர் கருணையால் பிரசங்கத்தில் பொய் சொன்னார் என்று நினைக்கிறேன். அவர்மீது எனக்குக் கோபமில்லை.

கல்லறையில் மண் போட்டு எல்லாரும் கலைந்தபோது அந்தப் பழைய இன்ஸ்பெக்டர் கைத்தடியோடு என்னிடம் வந்தார். "மன்னிச்சுட்டாங்களாமே டீச்சர். சாமியார் சொன்னாரே. எனக்கும் வயசாச்சு. மனசு லேசாச்சு" என்றார். கண்கள்கூடக் கலங்கியிருந்தன. பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பொய்யோடு அவர் சுகமாகச் செத்திருப்பார்.

"அவ மன்னிக்கல. நீங்க வந்து கேட்டா மன்னிப்பேன்னு சொன்னா. நீங்க வரல. இனிமே போய்க் கேக்கிறதுக்கு ஆள் இல்ல" என்றேன்.

அவர் முகம் என்ன ஆயிற்று என்பதை நின்று முழுவதும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். சிசிலியாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: அதைச் சொன்னபோது என் குரல் நடுங்கவில்லை.